முதற் கடனட்டை



அண்மையில் ஒரு மாலை வேளை, பாடசாலை விட்டு ஆசிரியர்களும் போய்விட்ட பின்னர், பழைய மாணவி ஒருத்தி என் அலுவலகத்துக்கு வந்தாள். எங்கள் வட்டக்கச்சியில் நெற்செய்கை செய்து வாழும் குடும்பம் ஒன்றின் மூத்த பிள்ளை அவள். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்று, அறிவியல் நகரில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்குத் தெரிவாகியிருப்பவள். அவளுடைய கையில் ஒரு படிவம் இருந்தது. கடனட்டைக்கான விண்ணப்பப் படிவம். கிளிநொச்சிக் கடைத்தெருவில் வங்கி ஒன்றின் பிரதிநிதி கொடுத்தாராம்.

“சேர், படிப்புக்கு மடிக்கணினி ஒன்று வேண்டும். மாமா பெயரில் இந்த அட்டையை எடுத்தால் எனக்கும் ஒரு துணையட்டை தருவினமாம், தவணையில் வாங்கலாமாம். அம்மாவோ கடன் என்ற சொல்லைக் கேட்டாலே அழுகிறா. நான் என்ன செய்வது?” என்று கேட்டாள்.

அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் அழகான எழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. ‘மாத வருமானம்’ என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையான கட்டத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். உங்கள் வீட்டிலும் பல்கலைக்கழகத்துக்கோ தொழில்நுட்பக் கல்லூரிக்கோ போகும் பிள்ளை இருக்கலாம். அப்பிள்ளையும் இன்றோ நாளையோ இதே கேள்வியைக் கேட்கக்கூடும்.

நான் கலைப் பட்டதாரி. கணக்கியல் படித்தவன் அல்லன். ஆயினும் இப்பொருளில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அந்த அனுபவம் எனக்குச் சற்று வெட்கத்தைத் தருவது. அதனைப் பின்னர் சொல்லுகின்றேன்.

முதலில், கடனட்டை என்பது யாது? வங்கியில் நாம் வைத்திருக்கும் பணத்தை எடுப்பதற்கு உதவுவது பற்றட்டை. அதிலே செலவாவது நம்முடைய பணம். கணக்கிலே பணம் தீர்ந்தால் அட்டையும் ஓய்ந்துவிடும். கடனட்டையில் செலவாவது வங்கியின் பணம். கடைக்காரருக்கு வங்கி பணத்தைக் கொடுத்துவிடுகின்றது. நாம் வங்கிக்குக் கடனாளியாகின்றோம். இரண்டு அட்டைகளும் பார்வைக்கு ஒரே மாதிரியானவை. ஒரே அளவு, ஒரே பளபளப்பு, கடையிலே ஒரே பொறியில் வைத்து எடுக்கப்படுபவை. இந்த ஒற்றுமைதான் இளம் பிள்ளைகளை முதலில் மயக்குகின்றது.

எங்கள் ஊரவர்க்கு இதனை விளக்க இரணைமடுவைக் காட்டினால் போதும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளத்தின் நீரை நம்பித்தான் வட்டக்கச்சி வயல்கள் விளைகின்றன. குளத்திலே தேங்கி நிற்பது நீர். துருசு என்பது அந்நீர் வெளியே வரும் வழி. துருசு எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது நீரைப் பெருக்குவதில்லை. கடனட்டையும் ஒரு துருசு. அதிலே ‘கடன் எல்லை 1,00,000 ரூபா’ என்று வங்கி குறித்திருந்தால், அது துருசின் அகலத்தைச் சொல்லும் கணக்கு. குளத்தில் எவ்வளவு நீர் இருக்கின்றது என்பதை உங்கள் வருமானமே சொல்லும். எல்லையை வருமானமென்று எண்ணிய அந்தக் கணத்திலேயே துன்பம் தொடங்கிவிடுகின்றது.

சிறுபோகம் தொடங்குமுன் எங்கள் விவசாயிகள் என்ன செய்கின்றார்கள்? அரசாங்க அதிபர் தலைமையிற் கூட்டம் கூடுகின்றது. குளத்தின் நீர்மட்டம் எத்தனை அடி என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்லுகின்றார். அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கணக்கிட்டு, அதன் பின்னரே பங்கு பிரிக்கின்றார்கள். வயல் இருக்கின்றதே என்பதற்காக முழுவதையும் விதைத்துவிட்டு, கதிர் தள்ளும் வேளையில் வானத்தைப் பார்த்து நிற்பதில்லை. இந்த முறையைத் தங்கள் தந்தையரிடம் கண்டு வளர்ந்த பிள்ளைகள், பணத்திலும் இதையே கைக்கொண்டால் அவர்களுக்கு வேறு பொருளியற் பாடம் அதிகம் தேவைப்படாது.

இந்த அட்டையின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் ‘டைனர்ஸ் கிளப்’ என்ற அட்டை தோன்றியது. உணவுச்சாலைகளிற் சாப்பிட்டுவிட்டு, மாத முடிவில் ஒரே தொகையாகப் பணம் கட்டுவதற்கு அது உதவியது. அதில் நிலுவையை மாதக் கணக்கில் வைத்திருக்க இடமில்லை. 1958ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ என்ற நகரில் ‘பாங்க் ஒஃப் அமெரிக்கா’ வேறொரு காரியத்தைச் செய்தது. எவரும் கேளாமலே ஏறத்தாழ 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. நிலுவையைச் சிறிது சிறிதாகக் கட்டலாம், மிகுதிக்கு வட்டி என்பது அந்த அட்டையின் ஏற்பாடு. நூற்றுக்கு 4 பேர் தவறக்கூடும் என்று எதிர்பார்த்திருந்த வங்கி, நூற்றுக்கு 22 பேர்வரை கட்டத் தவறியதைக் கண்டு திகைத்தது. கேளாதவர்க்கு அட்டை அனுப்புவதை 1970ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் தடை செய்தது. 2009ஆம் ஆண்டில் அந்நாட்டில் இன்னொரு சட்டம் வந்தது. 21 வயது நிரம்பாத ஒருவர் தமக்கெனத் திருப்பிக் கட்டும் வருவாய் உண்டென்று காட்ட வேண்டும். அல்லது வயது வந்த ஒருவர் அக்கடனுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். கல்லூரி வாசல்களில் இளம் மாணவர்களைத் தேடி அட்டை விற்றதனால் விளைந்த துன்பங்களைக் கண்ட பின்னரே அந்தச் சட்டம் எழுந்தது. கேளாமல் வாசலுக்கு வரும் கடனை ஐயத்தோடு நோக்க வேண்டும் என்பதற்கு இவ்வரலாறே சான்றாகும்.

இனி அட்டையின் உள்ளியக்கத்தைக் காண்போம். ஒவ்வொரு மாதமும் ஒரு குறித்த நாளில் வங்கி கணக்குக் கூற்றை அனுப்புகின்றது. அதற்குப் பின் ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்துப் பணம் கட்டவேண்டிய இறுதி நாள் வரும். கூற்று 1ஆந் திகதியும் இறுதி நாள் 21ஆந் திகதியும் என்று கொள்வோம். இம்மாதம் 2ஆந் திகதி நீங்கள் வாங்கிய பொருள் அடுத்த மாதக் கூற்றில்தான் வரும். ஆகவே அதற்குப் பணம் கட்ட ஏறத்தாழ 50 நாள்கள் கிடைக்கும். மாதக் கடைசியில் வாங்கிய பொருளுக்கோ மூன்று வாரம் அளவே கிடைக்கும். கூற்றிலுள்ள முழுத் தொகையையும் இறுதி நாளுக்கு முன் கட்டிவிட்டால் ஒரு சதமும் வட்டி இல்லை. இதுதான் கடனட்டையின் நன்மை. இதனைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு அட்டை நல்ல வேலைக்காரன்.

ஆனால் அதே கூற்றில் இன்னொரு சிறு தொகையும் அச்சிடப்பட்டிருக்கும். ‘ஆகக் குறைந்த கொடுப்பனவு’ என்பது அதன் பெயர். நேயர்களே, நான் சொல்வதாகக் கூறிய வெட்கம் இங்கேதான் இருக்கின்றது.

2021ஆம் ஆண்டில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், பிள்ளைகளுக்கு இணையவழியிற் பாடம் நடத்த எனக்குக் கணினியும் வேறு சில சாதனங்களும் தேவைப்பட்டன. அரச ஊழியன் என்பதனால் ஒரு வங்கி எனக்கு அட்டை தந்திருந்தது. அந்த அட்டையினால் அவற்றை வாங்கினேன். கூற்று வந்தது. ஆகக் குறைந்த கொடுப்பனவு என்று ஒரு தொகை இருந்தது. அம்மாதம் நான் கட்டவேண்டியது அவ்வளவே என்று எண்ணிக்கொண்டு, மாதந் தவறாமல் அதனை மட்டும் கட்டி வந்தேன். ஒழுங்காகக் கட்டுகின்றேன் என்ற பெருமையும் உள்ளூர இருந்தது. ஓராண்டு கழிந்த பின்னர் நிலுவையைப் பார்த்தபோதுதான், நான் கட்டியதிற் பெரும் பகுதி வட்டிக்கே போயிருக்கின்றது என்பதை உணர்ந்தேன். வங்கி என்னை ஏமாற்றவில்லை. எல்லாம் கூற்றிலே அச்சிடப்பட்டிருந்தது. படிக்கக் கற்பிக்கும் தொழிலில் இருப்பவன், தனக்கு வந்த கடிதத்தைப் படிக்கவில்லை. அவ்வளவே.

அதன் கணக்கை இப்போது பாருங்கள். ஒரு மாணவர் 60,000 ரூபாவுக்கு ஒரு பொருளை வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி நூற்றுக்கு 28. ஆகக் குறைந்த கொடுப்பனவு நிலுவையில் நூற்றுக்கு 5 பங்கு. வேறு கட்டணம் எதுவும் இல்லை, புதிதாக எதையும் அவர் வாங்கவும் இல்லை என்றே கொள்வோம். முதல் மாத வட்டி 1,400 ரூபா. அவர் கட்டுவது 3,070 ரூபா. இப்படியே 12 மாதங்கள் கட்டினால், அவர் கையிலிருந்து போவது ஏறத்தாழ 31,700 ரூபா. நிலுவையோ இன்னும் ஏறத்தாழ 42,760 ரூபா. அதாவது 31,700 ரூபா கட்டியும் கடன் குறைந்தது 17,240 ரூபாவே. மிகுதி 14,460 ரூபா அளவில் வட்டியாகப் போயிற்று. இரண்டாம் ஆண்டின் முடிவிலும் 30,000 ரூபாவுக்கு மேல் கடன் மிஞ்சியிருக்கும். அந்நேரம் வாங்கிய பொருளும் பழையதாகிவிட்டிருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான வங்கிகளில், நிலுவையை முழுவதும் கட்டாதவர் வட்டியில்லா நாள்களையும் இழந்துவிடுகின்றார். அடுத்து அவர் வாங்கும் பேனாவுக்கும் கொப்பிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

வட்டி வீதமும் என்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2020 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 18 வீதம் என்ற உச்ச எல்லையை விதித்தது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்ரலில், அந்த எல்லை நீக்கப்பட்டது. சில மாதங்களுள் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மீண்டும் தலையிட்டு 28 வீதம் என்ற எல்லையை வகுத்தது. அதே கட்டளையில் நகை அடகுக்கு விதிக்கப்பட்ட எல்லை 18 வீதம். அந்நாளைய நிலையில் அட்டைக் கடன் அடகுக் கடனிலும் எவ்வளவு விலை கூடியது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும். 18 வீதத்தில் வாங்கிய கடன் 30 வீதத்துக்கு மேலேறிய கதையை நான் என் சொந்தக் கூற்றிலேயே கண்டேன்.

இவற்றையெல்லாம் கேட்டு, “அப்படியாயின் அந்தத் தாய் அழுதது சரிதானே” என்று நீங்கள் நினைக்கலாம். அவருடைய கண்ணீருக்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்து மக்கள் மீளக் குடியமர்ந்த காலத்தில், வன்னியில் வீட்டுக் கூரைக்கும் கிணற்றுக்கும் கோழிக்கூட்டுக்கும் பணம் வேண்டியிருந்தது. அப்போது கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் நுண்கடன் வந்தது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதனைக் கட்ட மற்றொன்று என்று எத்தனையோ பெண்கள் அல்லலுற்றார்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பவருக்கு அஞ்சி வீட்டின் பின்புறத்தில் ஒளிந்த தாய்மாரை எங்கள் பிள்ளைகள் கண்டிருக்கின்றார்கள். 2016ஆம் ஆண்டில் நுண்நிதிச் சட்டம் நிறைவேறியது. 2018ஆம் ஆண்டில், வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட கடனைக் கட்ட முடியாமல் நிலுவையில் வைத்திருந்த பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பன்னிரண்டில் அடங்கியிருந்தன. இம்மாணவியின் தாயும் அந்நாள்களைக் கடந்து வந்தவர். ஆகவே அவருடைய அச்சத்தை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். அது பட்டறிவு.

எனினும் அச்சம் மட்டும் பிள்ளையை எந்நாளும் காப்பதில்லை. அந்தப் பிள்ளை நாளை பொறியியலாளராவாள்; சம்பளம் பெறுவாள்; வீடு கட்டக் கடன் கேட்பாள். தாய் விலக்கியதனால் மட்டும் விலகி நின்றவள், தாய் அருகில் இல்லாத ஊரில் முதல் அழைப்பிலேயே வழுக்கிவிடக் கூடும். அந்தத் தாய் நுண்கடனிற் கற்றதை மகள் கணக்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி, வருமானம் இல்லாத மாணவர் ஒருவருக்கு எந்த வழிகள் உள்ளன என்று பார்ப்போம். நமது நாட்டில் வங்கிகள் பொதுவாக 18 வயது நிரம்பியவராயும் நிலையான வருமானத்தைச் சான்றுகளோடு காட்டக்கூடியவராயும் உள்ளவருக்கே கடனட்டை வழங்குகின்றன. ஆகவே மாணவர்க்கு எஞ்சுவன மூன்று வழிகள்.

முதலாவது வழி, கடனட்டையே எடுக்காமல் பற்றட்டையோடு நிற்பது. இணையத்திற் புத்தகம் வாங்கவும் பரீட்சைக் கட்டணம் செலுத்தவும் பெரும்பாலும் அதுவே போதும். பட்டப் படிப்பின் முதல் ஆண்டில் பெரும்பாலானோருக்கு இதுவே தக்க வழி என்பது என் எண்ணம். மாதம் எவ்வளவு வருகின்றது, எவ்வளவு போகின்றது என்பதை ஓராண்டு எழுதி வைத்துப் பழகிய பின்னர் அடுத்ததை நினைக்கலாம்.

இரண்டாவது வழி, பெற்றோர் அல்லது உறவினர் ஒருவரின் அட்டையோடு இணைந்த துணையட்டை. இது எளிதிற் கிடைக்கும். ஆனால் பிள்ளை செலவிடும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பொறுப்பாளி முதன்மை அட்டைக்காரரே. பிள்ளை தவறினால் மாமாவின் பெயர் கெடும். உறவுக்குள்ளே மனக்கசப்பு வளர இதைவிட வேறு வழி வேண்டியதில்லை. எடுப்பதாயின், துணையட்டைக்குத் தனியாக ஒரு சிறிய எல்லையை வைக்குமாறு வங்கியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, நிலையான வைப்பு ஒன்றைப் பிணையாக வைத்துப் பெறும் அட்டை. சிறு தொகையை வங்கியில் வைப்பிலிட்டால், அதில் ஒரு பங்கினைக் கடன் எல்லையாகக் கொண்டு சில வங்கிகள் அட்டை தருகின்றன. வைப்புக்கு வட்டியும் கிடைக்கும். குளத்தில் நீரைத் தேக்கிவிட்டுத் துருசைத் திறப்பது போன்றது இது. கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞருக்கு இதுவே பாதுகாப்பான முதற்படி.

எந்த அட்டையாயினும், கையொப்பமிடுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? முதலாம் ஆண்டு இலவசமாயின் இரண்டாம் ஆண்டில் எவ்வளவு? வட்டி ஆண்டுக்கு எத்தனை வீதம்? ‘மாதம் இரண்டரை வீதந்தானே’ என்று சொன்னால், 12ஆற் பெருக்கிப் பாருங்கள். அது 30 ஆகின்றது. இறுதி நாள் தவறினால் அபராதம் என்ன? எல்லையைத் தாண்டினால் என்ன? தன்னியக்கப் பணப்பொறியில் கடனட்டையால் காசு எடுத்தால் என்ன நடக்கும்? இக்கடைசிக் கேள்விக்கு விடையை நானே சொல்லிவிடுகின்றேன். எடுத்த உடனே ஒரு கட்டணம்; அன்றிலிருந்தே வட்டி. 50 நாள் சலுகை அங்கே இல்லை. ஆகவே கடனட்டையால் காசு எடுப்பதைக் கைவிட்டுவிடுங்கள்.

கழிவுகளையும் பரிசுப் புள்ளிகளையும் பிரதிநிதிகள் பெரிதாகச் சொல்வார்கள். துணிக்கடையில் நூற்றுக்கு 20 கழிவு என்பார்கள். வாங்க வேண்டியிருந்த பொருளுக்குக் கழிவு கிடைத்தால் அது இலாபம். கழிவு கிடைக்கின்றதே என்று வாங்கினால் அது செலவு. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற திட்டத்திலும் செயற்பாட்டுக் கட்டணம் உண்டா என்று கேட்க வேண்டும். தவணை மாதந்தோறும் கூற்றிலே ஏறும். அதனை முழுவதும் கட்டத் தவறினால் அதற்கும் வட்டி ஓடும். அன்றியும், கட்டி முடியாத தொகை உங்கள் கடன் எல்லையை அடைத்துக்கொண்டு நிற்கும். இரவற் புடைவையிற் கொய்யகம் எடுத்துப் பார்ப்பது எங்கள் ஊரில் நெடுங்காலமாக நகைக்கப்படுவது. தவணைப் பொருளால் வரும் பெருமையும் அந்த வகையானதே.

நிபந்தனைகளைத் தமிழிலே விளக்குமாறு கேட்கத் தயங்காதீர்கள். விளங்காத ஆங்கிலத் தாளிற் கையொப்பமிடுவது பணிவு ஆகாது, அது கவனக்குறைவு. வங்கியோடு தீராத பிணக்கு ஏற்பட்டால், மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

நம்மவரிடையே இன்னொரு பெயர் அச்சத்தோடு பேசப்படுவதுண்டு. அது ‘கிறிப்’. இலங்கைக் கடன் தகவல் பணியகம் என்பதுவே அதன் பெயர். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. வங்கிகள், நிதிக் கம்பனிகளிடம் நாம் பெற்ற கடன்களும், அவற்றைக் கட்டிய ஒழுங்கும் அங்கே பதிவாகின்றன. பலர் அதனைக் கறுப்புப் பட்டியல் என்று கருதுகின்றார்கள். உண்மையில் அது பாடசாலையில் நாம் கொடுக்கும் தேர்ச்சி அறிக்கை போன்றது. ஒழுங்காகக் கட்டியவரின் நற்பெயரும் அதிலே இருக்கும். தவறியவரின் தவறும் இருக்கும். கடன் கொடுப்பதா இல்லையா என்பதை வங்கியே தீர்மானிக்கின்றது. மற்றொருவருக்குப் பிணை நின்றால் அதுவும் அங்கே பதிவாகும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறவும் முடியும். 20 வயதில் அலட்சியமாக விட்ட 5,000 ரூபா, 28 வயதில் வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னே வந்து நிற்கலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்களையும், தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணையும் எவரிடமும் சொல்லலாகாது. “வங்கியிலிருந்து பேசுகின்றோம், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கின்றது” என்று இனிய தமிழிலே பேசினாலும் சொல்லலாகாது. வங்கி அந்த எண்ணை உங்களிடம் கேட்பதில்லை. அட்டை தொலைந்தால் அந்தக் கணமே வங்கிக்கு அறிவியுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி என் மாணவியிடம் திரும்புகின்றேன். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவளோடு சேர்ந்து பார்த்தேன். மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அத்தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்த 7,500ஐயே வைத்துக் கணக்கிட்டோம். அது சில வேளைகளிற் பிந்தியும் கைக்கு வரும். அதிலே 3,070 ரூபாவை அட்டைக்குக் கட்டினால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. படிவத்தின் வெறுமையான கட்டத்தைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தாள். பின்னர், “சேர், குளத்தில் தண்ணீர் இல்லாமல் துருசுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்” என்று சிரித்தாள்.

அடுத்த கிழமை அவளுடைய தாயும் வந்திருந்தார். அயலவர்களோடு சேர்ந்து கட்டிவந்த சீட்டு தமக்கு இரண்டு மாதத்தில் விழும் என்றார். அதுவரை பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடத்தைப் பயன்படுத்துவது என்றும், சீட்டுப் பணத்தில் ஒருவர் பாவித்த நல்ல கணினி ஒன்றை வாங்குவது என்றும் தாயும் மகளும் முடிவு செய்திருந்தார்கள். மாமாவின் பெயரில் அட்டை எடுக்கும் யோசனை கைவிடப்பட்டது. முதலாம் ஆண்டு முடியட்டும். மிச்சம் பிடிக்கும் பணத்தில் சிறிய வைப்பொன்று இட்டு, அதன்மேல் அட்டை எடுத்துப் பழகுகின்றேன் என்று அப்பிள்ளை சொன்னாள். அதற்குத் தாய் உடனே சம்மதிக்கவில்லை. “அப்போது பார்ப்போம்” என்றார். அவ்வளவு இறங்கிவந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நேயர்களே, உங்கள் பிள்ளைகள் கொண்டுவரும் படிவத்தைக் கிழித்தெறியாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமும் இடாதீர்கள். ஒரு பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு அருகில் அமருங்கள். மாதம் வருவது என்ன, போவது என்ன, மிஞ்சுவது என்ன என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். மிஞ்சும் தொகையே அந்தப் பிள்ளையின் உண்மையான கடன் எல்லை. வங்கி குறிக்கும் எண் அதற்குப் பின்னர் வருவது. நானும் என் பழைய நிலுவையைக் கட்டித் தீர்த்துவிட்டேன். இப்பொழுது கூற்று வந்த அன்றே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படிக்கின்றேன்.